பாட்டு போடாத சனிக்கிழமை

கோரல் ட்ரெஸ்கோ இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவள். ஸீஹனிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு, மலை வளைவுகளில், பாதி நாள் மழையில். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் வெயில் அடிக்கும் நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முட்டி தேய்ந்து வேலையை விட்டபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கிறுக்குப் பிடித்துவிடும் என்று ஊர் வானொலியில் போய்ச் சேர்ந்தாள்.

பழைய தபால் நிலையத்தின் பின்னறைதான் வானொலி நிலையம். சம்பளம் யாருக்கும் கிடையாது. இருந்த ஒரே கணினி ஏதோ ஒரு சுரங்க அலுவலகம் கழித்துக் கட்டியது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பாட்டுகளை வரிசைப்படி ஒலிபரப்பும் நிரலையும் ஏற்றிக் கொடுத்த சுரங்கத்து ஆள் பெர்த்துக்கு மாற்றலாகிப் போனபோது, "இதை யாராவது பாத்துக்கணுமே" என்றான். எல்லாரும் கோரலைப் பார்த்தார்கள்.

"பஸ் என்ஜினையே பிரிச்சுப் போட்டவ. இது என்ன பிரமாதம்?" என்றான் கிளைவ். காலை நிகழ்ச்சி நடத்துகிறவன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

அப்படித்தான் அது அவள் தலையில் விழுந்தது. விழுந்தபின் பிடித்தும் போனது. பேருந்தில் எது கெட்டாலும் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இந்தப் பெட்டி என்ன வலி என்று எழுத்தில் எழுதிக் காட்டியது. பொறுமையாகப் படித்தால் போதும். ஏழு வருஷத்தில் அவள் படிக்கத் தெரிந்தவளாகிவிட்டாள். மைக் முன்னால் மட்டும் உட்காரமாட்டாள். தன் குரல் ஆடு கத்துவது போல இருக்கிறது என்பாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஆறேகாலுக்கு கிளைவ் போன் பண்ணினான்.

"கோரல், பாட்டுப் பெட்டி திறக்க மாட்டேங்குது. அமுக்கினா ஒரு வட்டம் சுத்துது, அப்புறம் ஒண்ணுமே இல்லை."

"என்னத்தைத் தொட்டே?"

"சத்தியமா ஒண்ணும் தொடலை."

நான்கு வருஷத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னான். அன்று திரையில் வந்த கேள்விக்கெல்லாம் 'ஆமாம்' என்று அழுத்தித் தள்ளி, இரண்டு நாள் வானொலியை ஊமையாக்கியவன் அவன். 'கிளைவ் பண்ணின வேலை' என்பது ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்டது. கோரல் பல்லைக் கடித்துக்கொண்டு மழைக்கோட்டை மாட்டினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளைவ் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலையில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. கால்பந்து ஆட்டம் உண்டா இல்லையா என்று ஊரே காத்திருந்தது. பாட்டுக்கு அவன் வண்டியில் கிடந்த ஒரே ஒரு குறுந்தட்டுதான் கதி. பித்தளை வாத்தியக் குழு ஒன்றின் அணிவகுப்பு இசை.

கோரல் திரையிலிருந்த நிரலின் சின்னப் படத்தை அழுத்திப் பார்க்கவில்லை. அது வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். கட்டளைகளை எழுத்தில் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து நிரலின் பெயரைத் தட்டினாள். உடனே பதில் வந்தது. ஒலிக்கோப்புகளைப் படிக்க உதவும் துணைக்கோப்பு ஒன்றின் ஐம்பத்தெட்டாம் பதிப்பைக் காணோம். தேடிப் பார்த்தாள். அறுபதாம் பதிப்பு இருந்தது.

அப்படியென்றால் யாரோ மொத்தக் கணினியையும் புதுப்பித்திருக்கிறார்கள். எப்போது என்று பார்க்கப் புதுப்பிப்புப் பதிவேட்டைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை, மாலை நாலு நாற்பது. செய்தவர் பெயர்: கோரல்.

அவள் இன்னொரு தடவை படித்தாள். அப்புறம்தான் நினைவு வந்தது. நேற்று குவீன்ஸ்டவுனில் அவளுக்குப் பந்தயம், கூடத்துக்குள் கம்பளத்தில் பந்து உருட்டுவது. கிளம்பும் அவசரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. வழக்கமான சின்னத் திருத்தம் என்று நினைத்து, கடவுச்சொல்லைப் போட்டு 'ஆமாம்' என்று அழுத்திவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். கேள்வியைப் படிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கிளைவ் சொல்லிக்கொண்டிருந்தான்: "பாட்டு வராததுக்கு மன்னிச்சுக்கோங்க. நான்தான் மறுபடி எதையோ தொட்டுட்டேன் போலிருக்கு."

கோரலுக்கு முகம் சூடேறியது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் சரி பண்ணிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தாள்.

வாத்தியம் மூன்றாம் முறை முழங்கத் தொடங்கியதும் போன் அடித்தது. ரொட்டிக்கடை வில்மா.

"ஏன்யா கிளைவ், இன்னொரு தடவை அந்தக் கொம்பை ஊதினே, என் கடைக்கு வந்துடாதே. ரொட்டி உப்ப மாட்டேங்குது அந்தச் சத்தத்துல!"

"என் கையில வேற தட்டு இல்லையே வில்மா. நீ வேணா ஒரு பாட்டு பாடேன்."

வில்மா போனை வைத்துவிட்டாள்.

இசை ஓடும்போது கிளைவ் வந்து அவள் திரையிலிருந்த பிழைச் செய்தியை எட்டிப் பார்த்து, தன் போனில் தேடினான். "நெட்ல ஒருத்தன் சொல்றான், அறுபதுக்கு ஐம்பத்தெட்டுன்னு பேர் வச்சுட்டா ஏமாந்து ஓடிருமாம். பண்ணிடலாமா?"

"பத்து மைல் ஓடும். அப்புறம் மலை உச்சில நிக்கும். அளவு தெரியாம பெல்ட் மாட்டினா அப்படித்தான்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். எரிந்து விழாமல் அவள் பதில் சொன்னதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

காரணம் விளங்க அரை மணி ஆனது. அந்த நிரல் லினக்ஸோடு வந்ததல்ல. அதை எழுதியவர்கள் இணையத்தில் வைத்திருக்கும் நிரல் களஞ்சியத்திலிருந்து தனியாக வாங்கிப் போட்டது. பெரிய புதுப்பிப்பு நடக்கும்போது வெளிக் களஞ்சியங்களையெல்லாம் கணினி தானே அடைத்துவிடும். மற்றதெல்லாம் புதிதாக, இது மட்டும் பழசாகவே நின்று, இல்லாத ஐம்பத்தெட்டைத் தேடிக்கொண்டிருந்தது. கோரல் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, புதிய லினக்ஸுக்கு உரிய பதிப்பை இறக்கச் சொன்னாள். மழையில் இணைப்பு நத்தை போல ஊர்ந்தது.

இறங்கிய நிரல் திறந்தது. மூச்சுவிடுவதற்குள் தானே மூடிக்கொண்டது. கறுப்புத் திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை பழைய அமைப்புக் கோப்பைப் படிக்கத் தெரியாமல் திணறியிருந்தது. அந்தக் கோப்பு கிடந்த அடைவை, அதாவது ஃபோல்டரை, அவள் அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தட்டினாள். நிரல் வெறும் வீடு போலத் திறந்தது. பாட்டுப் பட்டியல் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. ஒலிப்பெட்டி எது, பாட்டு எந்த அடைவில் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். ஒன்பதரைக்கு முதல் பாட்டு உள்ளே ஒலித்தது.

கிளைவ் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் எழுந்து உள்ளே போனாள்.

"கிளைவ், நீ தொடலை. நேத்து நான்தான் அமுக்கிட்டேன். பதிவேட்டுல என் பேர் இருக்கு."

அவன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தான். "எப்ப பாத்தே?"

"ஆறேமுக்காலுக்கு."

"மூணு மணி நேரமா?"

"ஆமா."

அவன் சிரிக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே சுட்டது. கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "ஊரே என்னைத் திட்டினதை நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்கே."

"மைக்கைப் போடு."

"உனக்குத்தான் பிடிக்காதே?"

"போடுய்யா."

பாட்டு முடிந்ததும் அவள் மைக் முன்னால் உட்கார்ந்து இரண்டே வாக்கியம் சொன்னாள். "இன்னிக்குப் பாட்டு நின்னது கிளைவாலே இல்லை. கோரல் ட்ரெஸ்கோ படிக்காம பொத்தானை அமுக்கினதாலே." நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது. வில்மாதான். "யாரது, ஆடு மாதிரி?" என்று கேட்டாள். அதற்குத்தான் கிளைவ் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதன்பின் கோரல் வேலை செய்யும் முறை மாறியது. யாரோ தூக்கிப்போட்ட இன்னொரு கணினியைக் கேட்டு வாங்கி, அதிலும் அதே நிரல்களை ஏற்றினாள். எந்தப் புதுப்பிப்பானாலும் திங்கட்கிழமை அதில்தான் முதலில். திரையில் வரும் கேள்வியை கிளைவ் உரக்கப் படிக்க வேண்டும். அவள் கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் பொத்தான்.

அக்டோபரில் வந்த புதுப்பிப்பில், சோதனைக் கணினியில் நிரல் மறுபடி திறக்க மறுத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை காலை பாட்டு வழக்கம்போல ஆறு மணிக்கு ஆரம்பித்தது. ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது.