பணியாளர் எண் இல்லாத யோசனை

வெளியாரிடமிருந்து வரும் எந்த யோசனைக்கும் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்ய வைத்து எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றுக்கு விட்டவனே நான்தான். துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக எனக்கு அது கடைசி ஆண்டு.

மேலாண்மைப் பேராசிரியர் ஒருவர் வந்து ‘திறந்த புத்தாக்கம்’ பற்றி வகுப்பெடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல யோசனை மதிலுக்கு வெளியிலும் இருக்கும், அதை உள்ளே விடுங்கள் என்பது அதன் சாரம். உடனே திட்டம் வந்தது, படிவம் வந்தது. யோசனை தேர்வானால், சொன்னவருக்கு அவர் பெயரிலேயே துறைமுக வேலைக்கு நுழைவுச் சீட்டு என்றும் அறிவித்தார்கள்.

முதலில் வந்தவர் கீழவைப்பாரில் சங்கு குளிப்பவர். எங்கள் படகின் அடியில் சுழலும் விசிறியில் மிதவைக் கயிறு சுற்றிக்கொண்டால், அதை அறுத்தெடுக்க ஒப்பந்தக்காரர் இவரைத்தான் இறக்குவார். பதிவேட்டில் ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும் இருக்கும். என் மேசையில் கிடந்த கோப்பு நாடாவை எடுத்து, நடுவில் என் சாவியைக் கோத்துக் காட்டினார்.

“மெதவைக்குக் கீழ, கயித்துல ஒரு ஈயக் குண்டு கெட்டுங்க சார். தொய்யுத கயிறு மேல மெதக்காம உள்ள போயிரும். விசிறி தொடாது.”

வெளியாருக்கான அந்தப் படிவத்தில் பணியாளர் எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. ஊழியர்களுக்கான பழைய படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். கட்டம் காலியாக இருந்தால் பதிவுப் பிரிவு திருப்பிவிடும். எல்லா நடைமுறையும் தெரிந்தவன் என்பதால் எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது.

“இப்போதைக்கு என் நம்பரைப் போடுவோம் அண்ணாச்சி. பெறகு மாத்திக்கிடலாம்.”

“ஒங்க நம்பர் தண்ணிக்குள்ள எறங்குமா சார்?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

யோசனை தேர்வானது. எண்ணின்படி, என் பெயரில். கைதட்டலுக்கு நடுவே பாராட்டுச் சான்றை வாங்கிக்கொண்டு வந்து, அன்றே திருத்தக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. ஓய்வு பெற்ற பின்னும் நினைவூட்டல் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

இதற்குள் எல்லா மிதவைகளுக்கும் ஈயம் கட்டிவிட்டார்கள். விசிறியில் கயிறு சுற்றுவது நின்றது; அவரைக் கூப்பிடுவதும் நின்றது. இனி உள்ளே வேலை வேண்டுமென்றால் அந்தச் சீட்டு ஒன்றுதான் வழி. அதை வாங்க ஐம்பத்தெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. அவருக்கு அப்போதே ஐம்பத்தேழு.

தபால்காரர் வரும் நேரத்தில் என்னால் உட்கார முடியாது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பேன். அந்தச் சான்றை மாட்டவும் மனமில்லை, கிழிக்கவும் விதியில்லை. அவரோ வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பார்.

“கடலுக்கடியில ஊசி விழுந்தாலும் எடுத்துத் தாரேன் சார். ஒங்க ஆபீசுல ஒரு காயிதத்தைத் தேடி எடுக்க முடியலியே?”

எடுத்தார்கள். பெயர் திருத்தப்பட்டது, வயதுச் சான்றுடன் நேரில் வந்து சீட்டைப் பெற்றுக்கொள்ளவும் என்று இரண்டே வரி. அவருக்கு ஐம்பத்தெட்டு நிறைந்தது ஜூலை ஐந்தாம் தேதி. பதில் என் வீட்டுக்கு வந்தது ஜூலை பத்தொன்பதாம் தேதி.