ஸ்ட்ராங் ரூமின் ரெண்டாவது சாவி

பாங்கு வேலையில் சேருகிறவனுக்கு முதலில் கற்றுத் தருவது கணக்கு இல்லை ஐயா, சந்தேகம். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பணம் எண்ணியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வெளியே நின்று கால் கடுத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நயா பைசா வந்த புதுசு. பி.ஏ. முடித்தவர்களை ஆறு மாதம் பயிற்சிக்கு எடுத்து, தேறினால் ஆபீசர் என்றார்கள். தாலுகா ஆபீசில் கிடைத்த நிரந்தர வேலையை உதறிவிட்டுப் புதுக்கோட்டைக் கிளையில் போய்ச் சேர்ந்தேன். "அம்மன் காசு பெறாத வேலை. ஆறு மாசத்துல திரும்பி வருவே, பாரு" என்றார் அப்பா. அதோடு என்னிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். நான் தேறுவது ஏஜெண்ட் எழுதுகிற ரிப்போர்ட்டில் இருந்தது. அப்போதெல்லாம் கிளை மேனேஜருக்கு ஏஜெண்ட் என்றுதான் பேர்.

கார்டும் கையும்

ரெண்டாவது வாரம். கடலை மண்டி முதலாளி ஒருவர் செக்கை நீட்டினார். கையெழுத்தை, கணக்குத் தொடங்கியபோது வாங்கி வைத்த கார்டில் இருந்த மாதிரியோடு ஒத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதுவும் ஒட்டவில்லை. நாலாவது தரம் கேட்டதும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. லாரி நிக்குது, ஆளுங்க காத்துக் கெடக்குறாங்க என்று கத்தினார். சத்தம் கேட்டு ஏஜெண்ட் அறையை விட்டு வந்துவிட்டார். அப்போதும் நான் செக்கை விடவில்லை.

ஏஜெண்ட் கார்டை வாங்கிப் பார்த்தார். 'என் முன்னிலையில் போட்டது' என்று அதன் ஓரத்தில் சான்று எழுதியிருந்தவர் அவரேதான். முகம் சுண்டிப்போனது. மண்டி முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அட, இது எம் மகன் போட்டதுல்ல! அன்னைக்கு எனக்கு மண்டியில வேலைங்க, அவனைத்தான் அனுப்புனேன்."

பெருவிரல்

அதற்குப் பிறகு ஏஜெண்ட் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நாலு மாதம் நெருப்பின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து கல் உடைக்கிற அம்மா ஒருத்தர் பணம் எடுக்க வந்தார். மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். கறுப்பாக ஒரு பொட்டுதான் விழுந்தது, ரேகை என்று ஒரு கோடு இல்லை. துடைத்துத் துடைத்து மூன்று தடவை வைத்தாயிற்று. கல்லில் தேய்ந்த கை, ரேகைக்கு எங்கே போவது?

ஏஜெண்டிடம் ஓடினேன். தலையைத் தூக்காமலே, "நீங்கதானே மிஸ்டர் ஆபீசர் ஆகப்போறது? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். கொடுத்து, ஆள் மாறியிருந்தால் என் வேலை போச்சு. கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணின் கதி? கேஷியர் துரைராஜ்தான் என்னைக் காப்பாற்றினார். முப்பத்தைந்து வயது, முன்கோபி, கை சுத்தம். "இவுகளை எனக்குத் தெரியும் சார். வாரா வாரம் எங்கிட்டதான் கட்டுறாக. நான் சாட்சி போடுறேன், குடுங்க" என்றார். கொடுத்தேன். அப்பவும் அந்த மைப்பொட்டையே முறைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அந்த அம்மா சொன்னார்: "ரேகை இல்லாட்டி என்னங்க, மூஞ்சி இருக்குல்ல, அதைப் பாருங்க."

உறையில் போட்ட சாவி

ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி கேஷியரிடம், மற்றது ஏஜெண்டிடம். ரெண்டும் ஒரே கையில் சேரவே கூடாது. சேர்ந்தால் ரெண்டு பேருக்கும் வேலை காலி. பயிற்சி முடிய ரெண்டு வாரம் இருக்கும்போது ஏஜெண்ட் ஒரு கூட்டத்துக்காகத் திருச்சி போனார், கிளையில் வேறு ஆபீசர் இல்லாததால் தன் சாவியை முறைப்படி என்னிடம் ஒப்படைத்துவிட்டு. மறுநாள் காலையில் பார்த்து எனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. எழுந்து நிற்க முடியவில்லை. துரைராஜ் மேல்தான் மலையளவு நம்பிக்கையாச்சே! சாவியை உறையில் போட்டு ஒட்டி, கேஷியரிடம் கொடு, அவரே திறக்கட்டும் என்று பியூனிடம் கொடுத்தனுப்பினேன். புத்தி கெட்டவன்!

அரை மணியில் நான் தங்கியிருந்த அறை வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. துரைராஜும் பியூனும் இறங்கினார்கள். உறை இன்னும் பியூன் கையில்தான் இருந்தது; துரைராஜ் அதைத் தொடவே இல்லை. போர்வையோடு என்னை வண்டியில் ஏற்றினார்கள். பாங்கு வாசலில் ஒரே ஜனம், மணி பத்தரை. நான் என் பூட்டைத் திறந்த பிறகுதான் அவர் தன் சாவியை எடுத்தார். "உங்களை நம்பித்தானே அனுப்புனேன்" என்று முனகினேன். மனுஷன் வெடித்துவிட்டார்: "நீங்க நம்புறீங்க, சரி சார். என்னை யாரும் நம்ப வேணாம்னுதானே ரெண்டு பூட்டுப் போட்டிருக்கான்! எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு."

ரிஜிஸ்டர்

சாவி கை மாறினால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதினால் ஏஜெண்ட் கண்ணில் படும். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். அவருக்கு நான் அந்த மருமகள். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பயத்தில் செத்தேன் என்பது பொய்யில்லை. ஆனால் பின்னால் என்றைக்காவது விஷயம் கசிந்தால் பழி முழுக்கத் துரைராஜ் தலையில்தான் விடியும். எழுதினேன். 'கேஷியர் சாவியைத் தொடவில்லை' என்பதற்கு அடியில் கோடும் போட்டேன்.

மத்தியானம் ஏஜெண்ட் திரும்பி வந்தார். நின்றபடியே படித்தார், ரெண்டு தடவை. என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிஜிஸ்டரை மூடிவிட்டு, அந்தக் கார்டு விவகாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சாவியைக் குடுத்தனுப்புனதுக்கு இன்னும் மூணு மாசம் பயிற்சி, மிஸ்டர். எழுதாம மறைச்சிருந்தா இன்னைக்கே ஊருக்கு பஸ். சாவியை எங்கையில குடுத்துட்டு, போய் மாத்திரை போட்டுக்கிட்டுப் படுங்க."

ஆறு மாதப் பயிற்சியை ஒன்பது மாதத்தில் முடித்து ஆபீசரானேன். அப்புறம் முப்பது வருஷம், உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றிய மனிதர்களோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன், சாவியை மட்டும் கொடுக்காமல்.