பேர் தெரியாத ஈ

புதுக்கோட்டையில் நான் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றுமார்பில் பைனாகுலர் தொங்க வாசலில் நிற்பார். தெருமுனையில் காய்கறி வண்டி திரும்பும்போதே பைனாகுலரில் பார்த்து, "கத்தரிக்கா வாடல்" என்று அறிவித்துவிடுவார்.

ஒருநாள் என் தோட்டத்து முருங்கைக் குச்சியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. முகம் நிறையத் தாடி, லேசான கூன். விருட்டென்று பறந்து, அந்தரத்திலேயே ஒரு தேனீயைப் பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பியது.

"சரக்கோட வாரான் பாருங்க டீச்சர்!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

போட்டோ எடுத்துப் பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கொள்ளைக்கார ஈ என்றார்கள். எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாதாம். பிடித்துக் கொன்று அனுப்பச் சொன்னார்கள். பாட்டிலோடு தோட்டத்துக்கு இறங்கி, மதிலோரம் நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு தெரியலன்னு கப்பல மூழ்கடிச்சிருவாவளா டீச்சர்? எவனா இருந்தா என்ன, நம்ம பெர்த்துல வந்து கயிறு கட்டியிருக்கான்லா" என்றார் அவர். சிரித்துக்கொண்டே பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த ஈ என்ன இனம் என்று இன்றுவரை தெரியாது. அவர் பேரும் தெரியாது. அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவரும் அப்படித்தான். நான் குடிவந்த அன்றே என் கண்ணாடியையும் குடையையும் பைனாகுலரில் பார்த்து, டீச்சர் என்று முடிவுகட்டிவிட்டார். கடைசிவரை நான் மறுக்கவேயில்லை.

நான் வேலை பார்த்தது பேங்கில்.