எடை சரியாக இருந்தது

என் தம்பிக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மட்டக்களப்பில் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எண்பதுகளின் நடுவில் கனடாவுக்கு வந்து, அகதி வழக்குப் போட்டுவிட்டு, டோர்செட் பார்க் என்ற பகுதியில் என்னுடைய அப்பார்ட்மென்ட் ஹோலில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தான். மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை அவனுக்குக் கிடைத்த வேலை நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் குதிரை லத்தி அள்ளுவது.

அங்கே ஒரு வெள்ளைப் பெண்குதிரை இருந்தது. சவாரி பழக வந்தவர்களையெல்லாம் சுமந்து களைத்த, பெரிய எலும்புள்ள, சாதுவான பிராணி. இனிப் பிரயோசனமில்லை, இறைச்சிக்கு அனுப்பப் போகிறேன் என்று பண்ணைக்காரர் சொன்ன அன்றைக்கு இவன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். பஞ்சாபிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வரவேண்டுமாம். பக்கத்து நகரமான மிசிசாகாவில் குதிரை கிடைக்காமல் காரில் வந்து இறங்குகிறார்களாம். தான் சனி ஞாயிறுகளில் குதிரை கொண்டுபோகப் போகிறானாம். மாப்பிள்ளைமாரை ஊர்வலம் ஏற்றுவதற்காகவா கடல் கடந்து வந்தாய் என்று கேட்டேன். சிரித்தான். வந்ததற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குதிரையை ஏற்ற ட்ரெயிலர் வேண்டும். வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஒரு வயல் ஓரத்தில் இரண்டு பழைய பெட்டிகள் நின்றன. ஒன்று இரண்டு குதிரை நிற்கக்கூடிய இரும்புப் பெட்டி. மற்றது ஒற்றைக் குதிரைக்கான சின்னப் பெட்டி, அலுமினியத் தகடு போர்த்தது. பெரியதை இவனுடைய கிழட்டு பிக்கப் இழுக்காது, ஆகவே சின்னதுதான் என்று ஆகிவிட்டது. அதன் முன்பக்கத்தில் உள்ளங்கையளவு தகடு ஒன்று ஆணியடித்திருந்தது. பெட்டியும் உள்ளே ஏற்றுவதும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கலியாணம் பேசப் போனவன் பெண்ணைப் பார்க்காமல் சாதகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, இவன் அந்தத் தகட்டையே பார்த்தான். குனிந்து தளத்தைப் பார்க்கவில்லை. அப்போது பார்த்திருந்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடித்த ஓக் பலகை, மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு.

அவனுடைய பயம் நெடுஞ்சாலைத் தராசு. கூலிக்கு ஓடுகிற வண்டிகள் அதில் ஏறி இறங்கவேண்டும், எடை கூடினால் டிக்கெட் எழுதி அபராதம் போடுவார்கள். அந்தக் காலத்தில் எங்களுடைய கட்டடத்தின் லோண்டரி அறையில் சட்டம் பேசாத ஆள் இல்லை. ஒரு டிக்கெட் விழுந்தாலும் பைலை அடியில் போட்டுவிடுவார்கள், வழக்குக்காரன் பொலிஸ்காரனின் கண்ணிலேயே படக்கூடாது என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட வழக்கு முடிந்திருக்கவில்லை. போக்குவரத்து டிக்கெட்டுக்கும் அகதி வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பின்னாளில் எங்கள் லோயர் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்கு அவரை அறையவேண்டும் போல் இருந்தது எனக்கு.

கல்லு மணல் விற்கிற யார்டு ஒன்றில் காசு கொடுத்துப் பெட்டியைக் குதிரையோடு நிறுத்துப் பார்த்தான். கொஞ்சம் கூடிவிட்டது. சேணம், மணிகள், சரிகை வைத்த சிவப்பு வெல்வெட் விரிப்பு எல்லாம் என்னுடைய காருக்கு வந்தன. தண்ணீர்க் கலனும் வைக்கோலும் வந்தன. அதற்குப் பிறகும் தகட்டில் இருந்ததைவிட ஓர் ஆளின் எடை கூட. நான் சொன்னேன், ஓர் ஆள் எடைக்கு யாரும் தூக்கில் போடமாட்டார்கள் என்று. அவன் அதைக் காதிலேயே போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனபோது ஓக் பலகைகளும் ரப்பர் விரிப்பும் கழற்றிப் புல்லில் கிடந்தன. பெட்டிக்குள் புதிய பிளைவுட் அடித்துச் சாம்பல் நிறப் பெயின்ற் பூசியிருந்தான். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

"உது தாங்குமோடா?"

"நான் ஏறித் துள்ளிப் பாத்தனான் அக்கா. அசையேல்லை."

"நீ என்ன குதிரையோ?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "எனக்கொரு டிக்கெட் விழுந்தா பிள்ளை அங்கயே வளந்திடும் அக்கா," என்றான். 

முதல் கல்யாணத்துக்குப் போகும்போது தராசு திறந்திருந்தது. வரிசையில் போய் ஏறினான். நான் பாதையோரம் காரை நிறுத்திவிட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்தவர் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். வரும் வழியில் எனக்கு டோனட் வாங்கித் தந்தான், குதிரைக்கு ஒரு பை கரட் வாங்கினான். குதிரையோடு நின்று எடுத்த படத்தை மகளுக்கு அனுப்பினான். அந்தக் கோடை முழுக்கக் கல்யாணங்கள். தம்பியை எனக்கு மறுபடி பிடித்த கோடை அது, சொல்லாமல் இருக்க முடியாது.

கல்யாண வீட்டார் பெரிய இடத்து ஆட்கள். பெட்டியைத் திறந்தால் மூத்திர நாற்றம் அடிக்கக்கூடாது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஹோஸ் பிடித்து, டெட்டோல் ஊற்றித் தளத்தைத் தேய்த்துக் கழுவுவோம். கழுவியது மேலே காய்ந்தது. பிளைவுட்டுக்கு உள்ளே காயவில்லை. பிறகு பனிக்காலம் முழுவதும் பெட்டி வெளியில் நின்றது. வசந்தத்தில் அவன் அதற்கு மேலே இன்னொரு பூச்சுப் பெயின்ற் அடித்தான்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் எப்போதும் பின்னால் காரில் வருவேன். பொலிஸ் காரைக் கண்டால் லைட்டை அணைத்து அணைத்துப் போடவேண்டும். அவன் நிற்கக்கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது, நேரே பார்த்துச் சீராக ஓடவேண்டும். அவன் கண்டுபிடித்த ஏற்பாடுதான்.

அந்த வருஷத்து முதல் கல்யாணம். காலை வெயில், நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். பெட்டி ஒருதரம் குலுங்கியது. பிறகு அதன் அடியில் ஏதோ தொங்குவதைக் கண்டேன். துணி என்று நினைத்தேன். அது குதிரையின் பின்னங்கால்.

லைட்டை அடித்தேன். ஹோர்னை அழுத்திய கையை எடுக்கவில்லை. அவன் நிற்கவில்லை. நான் சொன்னது அவனுக்கு விளங்கிவிட்டது, பின்னால் பொலிஸ். நேரே பார்த்து, வேகம் கூட்டாமல், குறைக்காமல், தார் ரோட்டின்மேல் சீராக ஓடிக்கொண்டே இருந்தான். நான் கத்தினேன். கண்ணாடி மூடிய காருக்குள் கத்தினேன். கடைசியில் அவனை முந்திப்போய் முன்னால் குறுக்கே விட்டுத்தான் நிற்பாட்டினேன்.

இறங்கி வந்தவன், பொலிஸ் எங்கே என்று கேட்டான். நான் பெட்டியைக் காட்டினேன்.

குதிரை சத்தம் போடவில்லை. தளம் ஒரு பக்கம் ஈரக் கடதாசி போலப் பிய்ந்து கிடந்தது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் பொலிஸுக்கு அறிவித்தார். வந்த அதிகாரி இளம்பிள்ளை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மிருக வைத்தியர் வர நேரமாகும், அதுவரை இதை வைத்திருப்பது பாவம் என்றார். தம்பி தலையாட்டினான். வெடிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாட்டையே விட்டு வந்தவன், அன்றைக்குக் காதைப் பொத்தவில்லை. குதிரையின் நெற்றி மயிரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னுடைய காரிலிருந்து சிவப்பு வெல்வெட்டை எடுத்துவந்து அதன்மேல் விரித்தான்.

அதிகாரி பத்திரங்களைக் கேட்டார். லைசென்ஸ், இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் பார்த்தார். முன்னால் போய்த் தகட்டைப் பார்த்தார். தம்பி கடைசியாக யார்டில் நிறுத்தபோது தந்த எடைத் துண்டைக்கூட நீட்டினான். எல்லாம் சட்டப்படி இருக்கிறது, மிகவும் வருத்தப்படுகிறேன் என்று அவர் சொன்னார்.

தம்பி அவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் ஏந்தினான்.

"சேர், டிக்கெட்," என்றான். "பிளீஸ் சேர். ரைட். டிக்கெட்."

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். இவன் திரும்பவும் திரும்பவும் அதையே கேட்டான், தனக்கு டிக்கெட் எழுதச் சொல்லி அழுதுகொண்டு கேட்டான். மிசிசாகாவில் யாரோ ஒரு மாப்பிள்ளை தலைப்பாகையோடு வாசலில் காத்திருந்திருப்பார். லொறிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை, எடை சரியாக இருக்கிறது என்று அவனிடம் மெதுவாகச் சொன்னார்.