பயன்பாடு: வழிபாடு

தேவிப்ரியாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே நான் மனு எழுதும் மேஜை இருக்கிறது. அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னால் அரை நிமிஷம் உட்காருவாள், எழுந்துவிடுவாள். கையும் சும்மா இருக்காது. என் தண்ணீர் பாட்டிலோ அவளுடைய கைப்பை வாரோ, எது அகப்பட்டாலும் கட்டைவிரலால் அழுத்திப் பிசைந்துகொண்டே பேசுவாள். "அதுக்கு ஒண்ணும் வலி இல்லம்மா, விட்டுடு" என்பேன். சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வாள்.

அந்தக் கைதான் அவள் சொத்து. சென்னையில் ஒரு மசாஜ் நிலையத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கணவன் முருகவேல் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் தென்றல் அடி அண்ணாமலையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். பெரியம்மாவை அம்மா என்றும், பெற்றவளைச் சென்னை அம்மா என்றும் கூப்பிடுவாள். ஒரு லீவுக்கு இவள் வந்திருந்தபோது, "சென்னை அம்மா எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று குழந்தை சாதாரணமாகக் கேட்டிருக்கிறது. இனி இங்கேதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அடி அண்ணாமலையில் என் வீட்டுக்கு எதிர்வீடுதான் தேவிப்ரியாவுடையது. முன்பக்கத்து இரண்டு அறைகளில், பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றி வரும் பெண்களுக்குக் கால் மசாஜ் செய்வதாகத் திட்டம். ஆடி முடியும்வரை அவளுடைய வேலையை வேறு யாருக்கும் தருவதில்லை என்று சென்னை முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதற்குள் அனுமதி வராவிட்டால் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான்.

வீடு கட்டும்போது வாங்கிய அனுமதியில் 'குடியிருப்பு' என்றுதான் இருக்கும். அதே இடத்தில் தொழில் செய்ய வேண்டுமானால் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மளிகைக் கடையிலிருந்து லாட்ஜ் வரை எத்தனையோ எழுதியாகிவிட்டது. ஆனால் 'தொழிலின் தன்மை' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"மசாஜ்னு போடுங்கண்ணா."

"சும்மா இரும்மா. அந்த வார்த்தையப் பாத்தாலே ஒரு மாதிரி சிரிப்பாங்க."

"நான் காலைத்தானே புடிக்கப்போறேன்?"

"அதையே கவுரவமா எழுதுறேன் பாரு."

'கிரிவல பக்தர்களுக்கான பாத சேவை நிலையம்' என்று டைப் அடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவள் முகத்தில் திருப்தியில்லை. ஆனாலும் என் அனுபவத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கட்டிட அனுமதி தரும் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதில், 'கோரப்படும் பயன்பாடு: வழிபாடு' என்று இருந்தது. கீழே ஒரு கேள்வி: 'எந்தத் தெய்வத்தின் பாதம் நிறுவப்பட உள்ளது என்பதைத் தெரிவிக்கவும்.' வழிபாட்டு இடம் என்றால் வேறு விசாரணை, வேறு ஒப்புதல், மாதக்கணக்கில் இழுக்கும். அங்கே இருந்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் பக்தர், பாதம், சேவை என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் யாருக்குமே கோயில்தான் ஞாபகம் வரும்.

தேவிப்ரியா முதலில் சிரித்தாள். பிறகு நாள்காட்டியைப் பார்த்தாள். ஆடி பதினைந்து.

"அண்ணா, உங்களுக்கே என் வேலை அசிங்கமா தெரியுது. அதான் மூடி மூடி எழுதுறீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷமாக மனு எழுதுகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் அவ்வளவு வேகமாக வந்தது. புது விண்ணப்பம் எடுத்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பேனாவை அவளிடம் நீட்டினேன். 'பெண்களுக்கான கால் மசாஜ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

அதன்பிறகு எதிர்வீட்டைப் பார்க்கவே எனக்குப் படபடப்பாக இருந்தது. அந்த இரண்டு அறைகளையும் தினமும் கழுவினாள். நாற்காலியைக் கிழக்கே போட்டாள், மேற்கே போட்டாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்தாள்.

ஆடி இருபத்தேழு அன்று அந்த ஆபீஸிலிருந்து வேதா மேடம் இடம் பார்க்க வந்தார். கொஞ்சம் நொண்டிக்கொண்டே வாசல், ஜன்னல், தெரு அகலம் எல்லாம் அளந்தார். பிறகு மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"போன பௌர்ணமி சுத்தினது, இன்னும் வலிக்குதும்மா. கொஞ்சம் புடிச்சு விடு, பாக்கலாம்."

தேவிப்ரியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். இப்ப புடிச்சா, பர்மிஷனுக்காகக் காலைப் புடிச்சேன்னு பேசுவாங்க. ஆர்டர் வரட்டும், வாங்க."

மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் தெருவுக்கு வந்தார். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

"இங்க மசாஜ் சென்டர் வரப்போகுது. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? குடும்பப் பொம்பளைங்க யாராவது இங்க வருவீங்களா?"

யாரோ தொண்டையைச் செருமினார்கள். தேவிப்ரியாவின் விரல்கள் முந்தானை நுனியைப் பிசைந்துகொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"மொத ஆளா என் சம்சாரம் வருவா மேடம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என் வீட்டு வாசலிலிருந்து கஸ்தூரியின் குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி இறங்கி வந்தாள். "இவர் சொன்னாருன்னு இல்ல, நானாதான் வரேன். எழுதிக்குங்க மேடம். பேரு கஸ்தூரி. ரெண்டு முட்டியிலயும் வலி. கையெழுத்து எங்க போடணும்?"

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆடி கடைசி நாள் வரை ஆர்டர் வரவில்லை. அன்று சாயங்காலம் தேவிப்ரியா சென்னைக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"ஆர்டர் வரலன்னா?" என்றேன்.

"பயமாத்தான் இருக்குண்ணா. ஆனா போகமாட்டேன்."

ஆவணி இரண்டாம் வாரம் ஆர்டர் வந்தது. 'பயன்பாடு: வணிகம்.' மறுநாள் காலையிலேயே கஸ்தூரி உள்ளே போனாள். அரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்காமல் நான் தெருவைத் தாண்டிப் போனேன். படியில் தென்றல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, சென்னை அம்மா உள்ளயா?"

அவள் நிமிர்ந்து என்னை முறைத்தாள். "சென்னையில யாரும் இல்ல மாமா. எங்கம்மா உள்ள வேலையா இருக்காங்க. லேடீஸ் மட்டுந்தான், நீங்க அங்கயே நில்லுங்க."