மத்தியான வெயிலில் அரைத்த மாவு

துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோதுதான் தோன்றியது. செருப்பு போட மறந்து, உள்ளங்கால் சுட, தண்ணீர்த்தொட்டி நிழலில் போய் நின்றேன். மயிலாப்பூரே கண்ணை மூடிக்கொண்டிருந்த மத்தியானம். கோபுரத்துப் புறாக்கள்கூட எங்கோ ஒதுங்கிவிட்டன. லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் என்று எங்கள் அடுக்குமாடியில் போன வருடம் பொருத்திய சோலார் பலகைகள் மட்டும் விழித்திருந்தன. ஆனால் லிஃப்ட் சும்மா நின்றது. மோட்டார் காலையிலேயே ஓடி முடித்திருந்தது. அவ்வளவு வெயிலும் கரண்டாகி, யாருக்கும் தேவைப்படாமல், கம்பி வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதே தெருவில் சாயங்காலம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் வீடு திரும்புவார்கள், ஏசிகள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கும், விளக்கு மஞ்சளாகும். கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவின் கிரைண்டர், வோல்டேஜ் போதாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த மோட்டார் ஏற்கெனவே ஒரு முறை கருகி, உள்ளே கம்பிச் சுருள் மாற்றிக் கட்டியது. இன்னொரு முறை கருகினால், அக்காவிடம் மாவு வாங்கும் ஆழ்வார்பேட்டைக் கடைகள் வேறு மாவுக்குப் போய்விடும். அக்காவின் குடும்பம் ஓடுவதே அந்தக் கடைகளை நம்பித்தான்.

யாரைக் குறை சொல்வது? ஆதம்பாக்கத்தில் இருக்கும் அக்காவின் தங்கையே கைக்குழந்தைக்காக இந்த வருடம்தான் ஏசி வாங்கினாள். நாடு முழுக்க இப்படித்தான். ஒரு வீட்டுக்குள் முதல் ஃபிரிட்ஜ் நுழைகிறது, இன்னொரு வீட்டுக்குள் முதல் வாஷிங்மெஷின். வேண்டாம் என்று யாரிடம் சொல்ல முடியும்? வெயில் கொடுக்கிற நேரம் ஒன்று, நாம் கேட்கிற நேரம் வேறு. அவ்வளவுதான். அப்படியானால் கேட்கிற நேரத்தை மாற்றினால் என்ன?

துணியை மடிக்கக்கூட இல்லை, கீழே ஓடினேன்.

"அக்கா, இனிமே மத்தியானம் அரைங்க. மோட்டார் ரூம்ல, சோலார் கரண்ட்ல."

"வெயில்ல வடாம் காயும், தெரியும். மாவு அரைக்குமா பாப்பா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாமாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நேரமாயிற்று. "ஒரு மாசம் பாருங்கோ. சரிவரலேன்னா கிரைண்டர் அங்கேர்ந்து போயிடணும். அதுவரைக்கும் எங்காத்துக்கும் அதுலேர்ந்தே மாவு கொடுத்துடுங்கோ."

முதல் நாள் கிரைண்டர் தடங்கலே இல்லாமல் சுற்றியது. "இந்த மிஷினு இப்டி கூட சுத்துமா? இத்தினி நாளா என்னிய ஏமாத்திகினு இருந்துகீது," என்று அக்கா சிரித்தார். நான் படியில் சாய்ந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உளுந்து வெள்ளையாக நுரைத்து ஏறியது. தெற்கே ரயிலில் போனபோது பார்த்த காற்றாலைகள் நினைவுக்கு வந்தன. எங்கோ அடிக்கிற காற்று இங்கே ஒரு ஃபேனாகச் சுற்றுகிறது, எங்கோ காய்கிற வெயில் இங்கே உளுந்தை அரைக்கிறது. கண் சொருகியது. தி.நகரின் தையல் மெஷின்களும் அடையாறின் துணி துவைக்கும் மெஷின்களும் சூரியன் ஏற ஏற விழித்து, அது சாயும்போது அடங்குகிற ஓர் ஊரில் அரைத்தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

கரண்டைப் பற்றி எல்லாம் யோசித்தேன். மாவைப் பற்றி யோசிக்கவில்லை.

சாயங்காலம் அரைத்தால் விடியும்போது பதமாக இருக்கிற மாவு, மத்தியானமே அரைத்தால் அந்தச் சூட்டில் விடிய விடியப் புளிக்காமல் என்ன செய்யும்? காலையில் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பியிருந்தன. கடைகளுக்குக் கொண்டுபோன ஆட்டோ லஸ் முனை தாண்டுவதற்குள் ஒன்று வெடித்து அக்காவின் சேலையெல்லாம் மாவு.

"உங்க சூரியன் கரண்ட்டும் குடுத்தாரு, மாவையும் பொங்க வெச்சிட்டாரு," என்றார் திரும்பி வந்து. சிரிக்கவில்லை.

"கடையில என்ன சொன்னாங்க அக்கா?"

"இன்னொரு தபா இப்டி எட்த்துனு வந்தா வராதேன்றான்."

மாடிப்படியில் வந்த மாமா நின்று, "எங்காத்துல இன்னிக்கு தோசையே மோர்க்குழம்பாட்டம் இருந்தது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டே, "ஐஸ் தண்ணி ஊத்தி அரைச்சா சீக்கிரம் புளிக்காது. அவ்ளோ ஐஸுக்கு நான் எங்க போவேன்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் மறுபடி மொட்டைமாடிக்குப் போனேன். கடல்காற்று வந்திருந்தது. பகல் கரண்டை ராத்திரிக்குச் சேர்த்துவைக்கப் பெரிய பெரிய பேட்டரி வேண்டும் என்றுதான் எங்கும் பேசுகிறார்கள். ஐஸும் அப்படிச் சேர்த்துவைத்த கரண்ட்தானே? வெயிலே உறைந்து கட்டியாக, தொட்டால் விரல் மரத்துப்போகிற வெயில்.

சிந்தாதிரிப்பேட்டையில் மூடிய ஓர் ஐஸ்கிரீம் கடையின் பழைய ஃப்ரீசர் இப்போது மோட்டார் ரூமில் இருக்கிறது. இன்று வெயில் ஏறியதும் போட்டோம், சாய்ந்ததும் அணைத்துவிட்டோம். உள்ளே தண்ணீர் பாட்டில்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மூடியைத் திறக்காமல் இருந்தால் விடியும்வரை தாங்கும்.

கடைக்குப் போகிற மாவை அக்கா பழையபடி சாயங்காலம்தான் அரைக்கிறார், ஒரு காதைக் கிரைண்டர் பக்கமே வைத்துக்கொண்டு. என் சோதனைக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு குண்டான் மாவு. நாளை மத்தியானம் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, அந்தப் பாட்டில்களுக்கு நடுவே அதைத் தூங்க வைக்கப்போகிறோம். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே எடுத்து, உப்புப் போட்டுக் கலக்கிப் புளிக்க எழுப்ப வேண்டும். காலையில் முதல் இட்லி மாமா வீட்டுக்கு.