தவறிப் பகிர்ந்த திரை

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடி ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். ஆபீஸ் லேப்டாப்போடு இரண்டு மானிட்டர்களை இணைத்திருக்கிறேன். ஓரத்து மானிட்டரில் கீழ்க்கூடத்துக் கேமரா ஓடும். சர்க்கரை நோயாளியான மாமியாருக்காக, துபாயில் இருக்கும் என் கணவர் பொருத்தியது அது.

போன மாதம் ஒரு ஆன்லைன் மீட்டிங்கில், கணக்கு அறிக்கையைப் பகிர்ந்துவிட்டதாக நினைத்து விளக்கிக்கொண்டே போனேன். உடன் வேலை பார்க்கும் ரம்யா குறுக்கிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக் கூடம் தெரியுது."

திரையை மாற்றிப் பகிர்ந்திருக்கிறேன்! வெட்கத்தோடு நிறுத்தப் போனேன்.

"இருங்கக்கா, அந்தம்மா நாற்காலியில சரிஞ்சு கிடக்காங்களே, பாருங்க!"

கீழே ஓடினேன். மாமியின் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"மாமி, என்ன செய்யுது?"

"தலை சுத்துதும்மா" என்று முனகினார்.

சர்க்கரை கரைத்துக் குடிக்க வைத்து, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் எந்தத் திரையைப் பகிர்கிறேன் என்று பார்த்துவிட்டே பேசுகிறேன். கேமராவை நேர் எதிரே உள்ள மானிட்டருக்கு மாற்றிவிட்டேன்; வேலைதான் ஓரத்துக்குப் போயிருக்கிறது. ரம்யாவை நான் நேரில் பார்த்ததில்லை. தொழுகை முடிந்து என் பிள்ளைகளுக்காகக் கேட்கும் துஆவில் அவள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.